சம்பளச் சீட்டும் செல்போன் வரவும்

விழுப்புரத்தில் வீட்டிலிருந்தே இணையத்தில் காணொளி தொகுத்துக் கொடுக்கிற தம்பிக்கு மாதம் 15,000 ரூபாய். திண்டிவனம் சிப்காட்டில் வேலை பார்க்கிற அக்காவுக்கும் அடிப்படைச் சம்பளம் அதே 15,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றா? இல்லை. அக்காவின் பிஎஃப்புக்கு நிர்வாகம் தன் பங்காக 1,800 ரூபாய் போடுகிறது. இஎஸ்ஐக்கும் 3.25 சதவீதம் கட்டுகிறது. காய்ச்சலில் படுத்தால் மருத்துவமும் உண்டு, விடுப்புக் காலத்துக்குச் சம்பளத்தில் 70 சதவீதமும் உண்டு. தம்பி படுத்தால் அன்றைக்கு வரவே கிடையாது.

அதற்காக அவர் பிழைப்பை மட்டமாகப் பேசாதீர்கள். பஸ் அலைச்சல் இல்லை. கைத்திறன் கூடக்கூட கூலியும் ஏறும். ஆனால் தம்பி, தபால் நிலையத்தில் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு ஒன்று தொடங்குங்கள். ஆண்டுக்கு 500 ரூபாய் இருந்தாலே கணக்கு ஓடும். முன்பணம் கட்டினால் ஆன்லைன் வேலை என்று எவர் சொன்னாலும் கட்டாதீர்கள். கட்டி ஏமாந்திருந்தால், தயங்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள்.