முடிவை முன்னதாகவே எடுத்து வைப்போம்



விழா மேடையில் பேரிடரைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். தோக்கியோவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் இத்தனை பேர் ஒரே கூரையின்கீழ் சேர்வது ஆண்டுக்கு ஒருமுறைதான். நல்லபடியாக இருக்கும்போது பேசினால்தான் இந்தப் பேச்சுக்குப் பயன் உண்டு.

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. பெரும் நிலநடுக்கம்; அதைத் தொடர்ந்து சுனாமி. இஷினோமாகி நகரில் கிதாகாமி ஆற்றங்கரையில் ஒகாவா தொடக்கப்பள்ளி. கடலிலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் உள்ளே. நடுக்கம் நின்றதும் ஆசிரியர்கள் பிள்ளைகளை வெளியே அழைத்து வந்து வரிசையில் நிறுத்தி எண்ணிக்கை எடுத்தார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அடுத்து எங்கே போவது? பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. காளான் வளர்ப்பைக் கற்றுக்கொள்ள அந்தப் பிள்ளைகளே ஏறிப் பழகிய குன்று. அங்கே போகலாம் என்று ஒரு பேச்சு. நில அதிர்வு தொடர்கிறது, மரம் விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு தயக்கம். கிட்டத்தட்ட 50 நிமிடங்கள் திடலிலேயே கழிந்தன. கடைசியில் பாலத்தடியில் சற்று மேடாக இருந்த சாலை முனையை நோக்கிக் கிளம்பினார்கள். ஆற்றின் வழியே ஏறி வந்த அலை அவர்களை எதிர்கொண்டது. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர், ஊழியர்களும் போய்விட்டார்கள்.

பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 2018-இல் செந்தாய் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு 2019-இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. அந்தத் தீர்ப்பு குறையை அந்த 50 நிமிடங்களில் தேடவில்லை. நிலநடுக்கத்துக்கு முந்தைய காலத்தில் தேடியது. பள்ளியின் பேரிடர் கையேட்டில், தப்பிச் செல்லும் இடம் என்ற கட்டத்தில் 'அருகிலுள்ள காலி இடம், பூங்கா முதலியவை' என்று எழுதியிருந்தது. எந்தக் காலி இடம், எந்தப் பூங்கா என்று யாரும் குறிக்கவில்லை. கட்டத்தை நிரப்பியாயிற்று, முடிவு எடுக்கவில்லை. நகராட்சியின் வரைபடம் அந்தப் பள்ளியை அலை எட்டாத பகுதியாகக் காட்டியதே என்ற வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை.

அதே நாள், வடக்கே இவாத்தே மாகாணத்துக் காமாய்ஷி நகரம். உனோசுமாய் என்ற கடலோரப் பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளியும் ஒரு தொடக்கப்பள்ளியும் அக்கம்பக்கத்தில் இருந்தன. குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் தோஷிதாகா கடாடா அந்த நகரத்துப் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்து வந்தார். அவர் சொல்லிக்கொடுத்தவை மூன்று: வரைபடத்தின் கணிப்பை நம்பி இருந்துவிடாதே; அந்த நேரத்தில் முடிந்ததையெல்லாம் செய்; முதல் ஆளாக ஓடு. நடுக்கம் வந்ததும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள். மூன்றாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்த தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் அதைப் பார்த்து இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள். குறித்து வைத்திருந்த இடத்துக்கு வந்தாயிற்று. அங்கே பின்புறச் சரிவு இடிந்திருப்பதைக் கண்டார்கள். அங்கே நிற்காமல், சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே போனார்கள். பிறகு அங்கிருந்தும் மேலே. இரண்டு பள்ளிகளிலுமாக ஏறக்குறைய 570 பேர் பிழைத்தார்கள். ஓடத் தொடங்குவது எப்போது என்பது முன்பே முடிவான சங்கதி. எங்கே நிற்பது என்பதைக் கண்ணால் பார்த்து மாற்றிக்கொண்டார்கள்.

அதே உனோசுமாயில் இன்னொன்றும் நடந்தது. ஊருக்குள் பேரிடர் தடுப்பு மையம் என்று ஒரு கட்டடம் இருந்தது. அது சுனாமிக்கு ஒதுங்குவதற்கான இடமே அல்ல. ஆனால் முதியவர்களுக்கு மேடேற சிரமம் என்று ஒத்திகைகளை அங்கேயே வைத்துப் பழக்கிவிட்டார்கள். அன்றைக்கு மக்கள் பழகிய இடத்துக்கே போனார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே உயிரிழந்தார்கள். சௌகரியத்துக்காகச் செய்த ஒத்திகை, ஆபத்து நேரத்தில் காலைத் தவறான வழியில் இழுத்துக்கொண்டு போனது.

அன்று வந்த அறிவிப்பையும் பாருங்கள். மூன்று நிமிடங்களில் வானிலை நிலையம் இவாத்தே கரைக்கு 3 மீட்டர் அலை என்றது. பிறகு 6 என்றது; அதன் பிறகு 10-க்கு மேல் என்றது. மின்சாரம் போய்விட்டதால் பலர் காதில் விழுந்தது முதல் எண் மட்டும். 3 மீட்டர்தானே, கடலோரச் சுவர் இருக்கிறதே என்று இருந்துவிட்டவர்கள் உண்டு. 2013 முதல், மிகப் பெரிய நிலநடுக்கம் என்றால் முதல் அறிவிப்பில் எண்ணே சொல்வதில்லை. 'மிகப் பெரிய அலை' என்று மட்டும் சொல்கிறார்கள். பாதித் தகவலில் வரும் துல்லியம் ஆளை உட்கார வைத்துவிடும் என்பது அன்று கற்ற பாடம்.

நம் ஊரில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவில் நிலம் அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் நாகப்பட்டினத்தில் அலை ஏறியது. அவ்வளவு நேரம் இருந்தும், சொல்வதற்கு இந்தியப் பெருங்கடலில் ஓர் எச்சரிக்கை ஏற்பாடு இல்லை. இங்கே நமக்கு எச்சரிக்கை வருகிறது, கைபேசியே அலறுகிறது. குறை அதில் இல்லை. அலறியதும் என்ன செய்வது என்பதில்தான் குறை.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். நம்மில் நிறையப் பேர் நிஷி கசாயிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கிறோம். அவை இருக்கும் எதோகவா வார்டின் நிலத்தில் பத்தில் 7 பங்கு, கடல் ஏறும்போது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மீதி 3 பங்குதான் மேடு. 2019 மே மாதம் வார்டு நிர்வாகம் வீடுதோறும் கொடுத்த வெள்ள வரைபடத்தின் அட்டையில், வார்டைச் சுட்டி ஒரு வாசகம் இருந்தது: 'இங்கே இருக்கக் கூடாது'. ஓர் அரசு அலுவலகம் தன் மக்களுக்கே இப்படி எழுதுவது அபூர்வம். அரகாவா ஆறு பெரிய அளவில் உடைத்துக்கொண்டால் தண்ணீர் வடிய ஒன்று இரண்டு வாரங்கள்கூட ஆகலாம் என்கிறது அந்த வரைபடம். ஐந்தாவது மாடியில் இருப்பவருக்கு வெள்ளம் வராது. ஆனால் மின்சாரம், தண்ணீர், கழிவறை எதுவும் இல்லாமல் எத்தனை நாள் இருப்பார்?

அதே ஆண்டு அக்டோபர் 12-இல் ஹகிபிஸ் புயல் வந்தது. எதோகவாவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வெளியேறச் சொன்னார்கள். ரயில்களை நிறுத்தப் போவதாக முந்தைய நாளே அறிவித்துவிட்டார்கள். இதைக் கவனியுங்கள்: தண்ணீர் வருவதற்கு வெகுநேரம் முன்பே வெளியேறும் வழி மூடிவிடுகிறது. அன்று இரவு அரகாவாவின் கரை தாங்கியது. 'பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை' என்று நம்மவர் பலர் சொன்னார்கள். அதே இரவு நாகானோவில் சிக்குமா ஆறு உடைத்துக்கொண்டு, பணிமனையில் நின்றிருந்த 10 ஷிங்கான்சென் அதிவேக ரயில்களை மூழ்கடித்தது. வெள்ளம் வரக்கூடிய இடம் என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டியிருந்த இடம்தான் அது. தப்பித்ததை வைத்து ஆபத்தை அளக்கக் கூடாது. பத்துத் தடவை கிளம்பி ஒன்றும் ஆகாமல் திரும்பினால் நஷ்டம் ஓர் இரவுத் தங்கல் செலவு. ஒரு தடவை கிளம்பாமல் போனால் என்ன நஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். அணையை இந்த நாட்டு அரசாங்கம் போட்டுவிட்டது. நாம் போட வேண்டியது முடிவு. பதற்றத்தில் புத்தி புதிதாக யோசிக்காது. ஏற்கெனவே யோசித்து வைத்ததைத்தான் நடத்தும். ஆகவே ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள்: எதைக் கண்டால், யார், எங்கே. 2015-இல் ஜோசோ நகரில் கினு ஆறு உடைந்து, ஆயிரக்கணக்கானோரைப் படகிலும் ஹெலிகாப்டரிலும் மீட்க வேண்டி வந்தது. அதன் பிறகுதான் 'மை டைம்லைன்' என்று இப்படி வீட்டுக்கு வீடு எழுதும் பழக்கம் இங்கே பரவியது.

எழுத வேண்டியவை மூன்று. ஒன்று, புயல் வெள்ளம். எச்சரிக்கை 5 நிலைகளில் வரும். 4 என்றால் எல்லோரும் வெளியேறியிருக்க வேண்டும். 5 கிளம்புவதற்கான அறிவிப்பே அல்ல; ஆபத்து வந்துவிட்டது என்று பொருள். 3 முதியவர்களும் உதவி தேவைப்படுபவர்களும் கிளம்பும் நேரம். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்களா, கைக்குழந்தை இருக்கிறதா, உங்கள் எண் 3. எந்தத் தோழர் வீட்டுக்கு, எந்த ரயிலில் என்பதையும் இன்றே எழுதுங்கள். பகலில் பேரக்குழந்தையோடு பாட்டி மட்டும் வீட்டில் இருப்பார். தெரு ஒலிபெருக்கியில் வரும் ஜப்பானிய மொழி அவருக்குப் புரியாது. அவரை யார் அழைத்துப் போவது என்று ஒரு பெயர் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

இரண்டு, அலுவலகத்தில் இருக்கும்போது நிலநடுக்கம். இங்கே விதி தலைகீழ்: கட்டடம் பத்திரமாக இருந்தால் கிளம்பாதீர்கள். 2011-இல் தலைநகர வட்டாரத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு திரும்ப முடியாமல் தவித்தார்கள். ஊழியர்களை உள்ளேயே தங்கவைத்து, 3 நாளுக்கான உணவும் நீரும் சேமிக்க வேண்டும் என்று தோக்கியோ 2013 முதல் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கணவனும் மனைவியும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிக்கிக்கொண்டால் பள்ளியிலிருந்து பிள்ளையை யார் அழைப்பது? பள்ளிப் படிவத்தில் அந்த மூன்றாவது பெயர் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். பேரிடர் நேரத்தில் குடும்பத்தாருக்குக் குரல் செய்தி பதிவு செய்து வைக்க 171 என்ற எண் இருக்கிறது. மாதம் 1, 15 தேதிகளில் பழகிப் பார்க்கலாம்.

மூன்று, கடற்கரைக்குச் சுற்றுலா போன இடத்தில் நிலம் அதிர்ந்தால். அறிவிப்புக்குக் காத்திராமல் மேடேறுங்கள். வந்த இடம் போதாது என்று தோன்றினால் காமாய்ஷிப் பிள்ளைகளைப் போல இன்னும் ஏறுங்கள்.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. செப்டம்பர் 1 இந்த நாட்டின் பேரிடர் தடுப்பு நாள். 1923 கான்டோ நிலநடுக்கம் நடந்த தேதி. அந்த நாளையொட்டி வரும் ஞாயிறு ஒன்றில் ஒரு கூட்டம் வையுங்கள். ஒரே குடியிருப்பில் இருக்கும் நம் குடும்பங்களை இரண்டிரண்டாக இணையுங்கள். தமிழில் அச்சிட்ட தாளைக் கொடுத்து, நிரப்பாதவரை யாரையும் அனுப்பாதீர்கள். 'முதலியவை' என்று யாராவது எழுதியிருந்தால் அடித்துவிட்டு இடத்தின் பெயரைக் கேளுங்கள். அந்தக் கூட்டத்துக்கு முதல் ஆளாக நான் வருகிறேன்.