பாரம் குறைந்தது எல்லாம் நல்லதா?



வழமையாக இந்த நேரத்தில் வரிப் படிவங்களைப் பற்றிக் கதைக்கும் நான், இந்த மாதம் பனிமலையைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. டென்மார்க்கிலும் இல்லை என்றே சொல்லலாம். இந்த நாட்டின் மிக உயர்ந்த இடமான மொலெஹொய் 171 மீற்றர் கூட இல்லை. ஆனால் இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள், ஏழாம் எட்டாம் கிழமை விடுமுறை வந்தால், நண்பர்களோடு நோர்வேக்கோ ஒஸ்திரியாவுக்கோ ஸ்கிக்குப் போய்விடுகிறார்கள். இப்போது சிலர் இழுவைக் கம்பியை விட்டுவிட்டு, தாங்களே மலையில் ஏறி இறங்கும் 'ஸ்கி ரூரிங்' பழகுகிறார்கள். பலகையின் அடியில் வழுக்காத தோற்பட்டி ஒன்றை ஒட்டி, குதிக்காலைத் தூக்கித் தூக்கி நடந்து ஏறுவார்கள். உச்சியில் பட்டியைக் கழற்றி, குதிக்காலைப் பூட்டிக்கொண்டு சறுக்கி இறங்குவார்கள்.

சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் கருவிக்கு 'பைண்டிங்' என்று பெயர். ஏறும்போது அது குதிக்காலை விட வேண்டும். இறங்கும்போது இறுக்கிப் பிடிக்க வேண்டும். விழுந்தால் உடனே கழன்று காலைக் காப்பாற்ற வேண்டும். இந்த மூன்றாவது வேலையைத்தான் நாங்கள் மறந்துவிடுகிறோம்.

இதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. பழைய வகையில் சப்பாத்து ஒரு சட்டத்தில் பூட்டப்படும். நடக்கும்போது அந்தச் சட்டமும் காலோடு சேர்ந்து எழும்பும். ஒரு சோடி இரண்டு கிலோவும் அதற்கு மேலும் வரும். மற்றது ஊசி வகை. ஒஸ்திரியாவைச் சேர்ந்த பிரிட்ஸ் பார்தெல் என்பவர் 1980களில் இதைக் கண்டுபிடித்தார். பின்னர் டைனாபிட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. சப்பாத்தின் முனையில் இரு பக்கமும் உள்ள சிறு குழிகளை இரண்டு ஊசிகள் பிடிக்கும். பின்பகுதி பலகையிலேயே இருந்துவிடும், காலோடு எழும்பாது. சாதாரண ஊசி வகை ஒரு சோடி 600 கிராமிலிருந்து 1,200 கிராம் வரை வரும். போட்டிக்காரர் பாவிப்பது 300 கிராமுக்கும் குறைவு.

கணக்காளன் அல்லவா, ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளில் 8 கிலோமீற்றர் ஏறுகிறோம், ஒரு எட்டு 80 சதமமீற்றர் என்று வைத்தால் 10,000 எட்டுகள். ஒவ்வொரு எட்டிலும் அரைக் கிலோ கூடுதலாகத் தூக்கினால் மொத்தம் 5,000 கிலோ. ஐந்து தொன்! பாரம் குறைந்ததைப் பிள்ளைகள் விரும்புவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நேயர்களே, கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் பிழைக்கும். நான் அப்படித்தான் பிழைத்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் என் மகளுக்குப் பாவித்த ஊசி வகைப் பைண்டிங் ஒன்றைப் பலகையோடு மலிவாக வாங்கிக் கொடுத்தேன். "அப்பா, எவ்வளவு இலேசு!" என்று சந்தோசப்பட்டாள். முன்பு வைத்திருந்தவர் நல்ல உடம்புக்காரர். கழலும் இறுக்கம் அவருடைய எடைக்கு வைக்கப்பட்டிருந்தது. 58 கிலோ பிள்ளைக்கு அது மிக அதிகம். நோர்வேயில் ஈரப் பனியில் மெதுவாகத்தான் விழுந்தாள். பலகை கழரவில்லை, முழங்கால் திரும்பிவிட்டது. சவ்வு கிழிந்து, சத்திரசிகிச்சை, ஒன்பது மாதம் பயிற்சி. கடையில் கொடுத்துச் சரிபார்க்கச் சில நூறு குரோனர்தான் முடிந்திருக்கும். அந்தச் சில நூறைச் சேமித்தவன் நான். அவள் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே வாங்கமுன் இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, சப்பாத்து. ஊசிக் குழிகள் இல்லாத சப்பாத்து ஊசி வகைக்குப் பொருந்தாது. சாதாரண ஸ்கிச் சப்பாத்துகளில் பெரும்பாலும் அவை இருக்காது.

இரண்டாவது, கழலும் இறுக்கம். எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம், சறுக்கும் திறமை ஆகியவற்றை வைத்துக் கடைக்காரர் இதைக் கணிப்பார். மிக இலேசான சில வகைகளில் முன்னோக்கிக் கழலும் இறுக்கத்தை மாற்றவே முடியாது. பழகும் பிள்ளைக்கு அது வேண்டாம். பக்கவாட்டிலும் முன்னோக்கியும் தனித்தனியே திருத்தக்கூடியதை வாங்குங்கள். ஐ.எஸ்.ஓ. 13992 என்பது ரூரிங் பைண்டிங்குக்கான தரம். அந்தச் சான்று உண்டா என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, பிரேக். கழன்ற பலகை தானாக ஓடிப்போகாமல் அதுவே நிறுத்தும். பலகையின் அகலத்துக்கு ஏற்ற பிரேக் வேண்டும். நூறு, இருநூறு கிராம் கூடினால் கூடட்டும்.

நான்காவது, எங்கே பாவிக்கப் போகிறார்? பெரும்பாலும் இழுவைக் கம்பியிலும் வருடத்தில் ஒரு நாள் மட்டும் ஏற்றத்திலும் என்றால், ஊசியில் ஏறி வழமையான பிடியில் இறங்கும் கலப்பு வகை நல்லது. 2018 இல் வந்த சலமோன் சிப்ட் அப்படிப்பட்டது. ஒரு சோடி ஏறத்தாழ 1.7 கிலோ.

இன்னுமொன்று. ஊசி வகையில் ஏறும்போது முனையைப் பூட்டி வைப்பார்கள். பூட்டினால் அது இலகுவில் கழராது. இறங்கமுன் திறக்க மறந்தால், என் மகளுக்கு நடந்ததுதான் நடக்கும். பனிச்சரிவில் அகப்பட்டாலோ, கழராத பலகை ஆளைக் கீழே இழுத்துவிடும். நோர்வேக்குப் போகிறவர்கள் அந்நாட்டு அரச நிறுவனம் நடத்தும் 'வர்சோம்' பனிச்சரிவு எச்சரிக்கையை ஒவ்வொரு காலையும் பார்க்க வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டிருப்பார்கள்.

எங்களுக்குத் தெரியாத விளையாட்டு என்று ஒதுங்கி நிற்காதீர்கள். பிள்ளையிடம் "இதைக் கடையில் சரிபார்த்தாயா?" என்று ஒரு கேள்வி கேட்க ஸ்கி தெரிந்திருக்கத் தேவையில்லை. நான் அன்று அதைக் கேட்கவில்லை.

மகள் இந்த மாசியில் மறுபடியும் மலைக்குப் போனாள். புதுப் பைண்டிங் முன்னையதைவிட ஒரு சோடிக்கு 300 கிராம் பாரம். கடையில் அளந்து பூட்டினார்கள். பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அடுத்த மாதம் வரிப் படிவத்தோடு சந்திப்போம்.