தினமும் 42 கிலோமீட்டர்

இன்னைக்கு டெரி ஃபாக்ஸ் பத்திப் பேசலாம். கனடாக்காரர். 1977-ல, 18 வயசுல, ஆஸ்டியோசர்கோமா என்கிற அரிய எலும்புப் புற்றுநோய். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துட்டாங்க. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி, செயற்கைக் காலோட நியூயார்க் மாரத்தான் ஓடின ஒருத்தரைப் பத்திப் படிச்சார். கனவு அங்க பிறந்தது: கனடாவையே ஓடிக் கடக்கணும்.

1980 ஏப்ரல் 12, அட்லாண்டிக் கரையில ஆரம்பிச்சார். தினமும் ஏறக்குறைய 42 கிலோமீட்டர். எங்க ஊர் மேல்சித்தாமூர்ல இருந்து திண்டிவனம் போய்த் திரும்பி வர்ற தூரம். 143 நாள், 5,373 கிலோமீட்டர். அப்போ நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. ஓட்டம் நின்னுடுச்சு. பசிபிக்கைத் தொடல. 1981 ஜூன்ல இறந்தார், வயசு 22.

"மனசு வெச்சா கேன்சரை ஜெயிச்சிடலாம்"னு ஃபார்வேர்டு வருமே, அந்தக் கதை இல்ல இது. அப்படிச் சொன்னா, இறந்தவங்க மனசு வைக்கலன்னு ஆயிடும். டெரிக்குப் பிழைக்க 50 சதவீத வாய்ப்புன்னு டாக்டர்கள் சொன்னாங்க. ரெண்டு வருஷம் முன்னாடின்னா 15 தான். அந்த வித்தியாசம் ஆராய்ச்சி கொடுத்தது. அதனாலதான் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு ஓடினார். கனடாக்காரங்ககிட்ட தலைக்கு ஒரு டாலர் கேட்டார். அவர் உயிரோட இருக்கும்போதே 2.4 கோடி டாலர் தாண்டுச்சு.

அவர் பேர்ல சென்னை ஐஐடி வளாகத்துலயும் ஓட்டம் நடந்திருக்கு. அடுத்த முறை மாரத்தானுக்குப் பேர் கொடுக்கும்போது, மெடலோட சேர்த்து அந்தப் பணம் எங்க போகுதுன்னும் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.