“உன்னைப்போல்” என்ற சொல்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலைக் கூட்டத்தில் எங்களுக்கு ஓர் ஒழுங்கு சொல்லித்தந்தார்கள்: முதலில் இயேசு, அடுத்து மற்றவர்கள், கடைசியில் நீ. கிறிஸ்தவப் பிள்ளைகளும் சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று அதைக் கேட்டோம். நல்ல பாடந்தான். எங்களில் பலரைத் தாதியராகவும் ஆசிரியைகளாகவும் வைத்தியர்களாகவும் ஆக்கியது அதுவே. ஆனால் கடைசியில் நின்றவளின் முறை வரவேயில்லை என்பதை நாற்பது வயது கடந்த பிறகே கண்டோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் மார்பில் கட்டியோடு எங்களிடம் வந்தார். கட்டியைக் கண்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. “ஏன் அம்மா, இவ்வளவு நாளும் காட்டவில்லை?” என்று கேட்டோம். “மகளின்ட கலியாணம் முடியட்டும் எண்டு இருந்தனான், டொக்டர். நோவும் இருக்கேல்ல” என்றார். கலியாணத்துக்கு அவர் இருந்தார். பேரப்பிள்ளையைக் காண இருக்கவில்லை.

அன்று அவரைக் கண்டிக்க எங்களுக்கு வாய் வரவில்லை. 35 வயதில் செய்ய வேண்டிய பரிசோதனையை நாங்களும் செய்திருக்கவில்லை. எத்தனையோ பெண்களுக்குத் துண்டு எழுதிக்கொடுத்த கை, தனக்கென்று ஒன்று எழுதவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டோம். உண்மை அதுவல்ல. தன்னைக் கவனிப்பது சுயநலம், விசுவாசிக்கு அழகல்ல என்று உள்ளுக்குள் நம்பியிருந்தோம்.

வேதம் அப்படிச் சொல்கிறதா? அயலாரை நேசிக்கும்படியான கட்டளை லேவியராகமத்தில் இருக்கிறது. மாற்கு 12ஆம் அதிகாரத்தில் இயேசு அதை மீண்டும் சொல்கிறார். அந்தக் கட்டளையில் அன்புக்கு அளவுகோல் “உன்னைப்போல்” என்ற ஒரே சொல். அளவுகோல் முறிந்திருந்தால் அளப்பதெல்லாம் பிழைத்துப்போகும்.

அதே நூலின் 5ஆம் அதிகாரத்தில், 12 வருடங்களாக உதிரப்போக்கால் வருந்திய ஒரு பெண் வருகிறாள். இருந்ததையெல்லாம் வைத்தியர்களிடம் செலவழித்துவிட்டு, கூட்டத்துக்குள் பின்னால் வந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். அவரோ சாகுந்தறுவாயில் கிடக்கும் ஒரு சிறுமியிடம் அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறார். ஆனாலும் நின்றார். தொட்டது யார் என்று தேடினார். அவளை மகளே என்று அழைத்தார். மற்றவர்களின் அவசரம் முடியும்வரை காத்திரு என்று அவளிடம் சொல்லவில்லை. அவர் அப்படி நின்றிருக்க, நாங்கள் எங்களைக் காக்க வைப்பது எந்த விசுவாசம்?

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி, கிளேர்வோவின் பெர்னார்ட், அன்பின் நான்கு படிகளைப் பற்றி எழுதினார். முதற்படி, தனக்காகவே தன்னை நேசிப்பது. சுயநலம் அங்கேதான் நின்றுவிடுகிறது. கடவுளை நேசிப்பதுதான் கடைசிப் படி என்று நாம் நினைப்போம். அவர் அதற்கும் மேலே, கடவுளுக்காகத் தன்னை நேசிப்பதை நான்காவது படியாக வைத்தார்.

எமது துறைமுகத்திலும் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1944 ஆகஸ்ட் 8ஆந் திகதி, ‘வேலியன்ட்’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பலைப் பழுதுபார்க்கத் தூக்கியபோது, மிதக்கும் தளம் ஒன்று இங்கே உடைந்து மூழ்கியது. கப்பல்களைச் சுமப்பதற்கென்றே கட்டப்பட்ட தளம் அது. அதன் தாங்கிகளில் நீரின் சமநிலை தவறிவிட்டது. சேதம் தளத்தோடு நிற்கவில்லை; சுமக்கப்பட்ட கப்பலும் பலமாகப் பழுதடைந்தது. வீட்டைச் சுமக்கிறவள் உடைந்தாலும் அப்படித்தான்.

ஆகவே, வைத்தியராகச் சில வார்த்தைகள். மார்பகப் புற்றுநோயே இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் நோவில்லை என்பதற்காக எதையும் விட்டுவிட முடியாது. மாதம் ஒருமுறை உங்கள் மார்பை நீங்களே பாருங்கள். 1996 முதல் எமது நாட்டில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது, கட்டணம் இல்லை. 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குத் தவறாமல் போங்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் இருப்பவர்களுக்கு அழைப்புக் கடிதம் வீட்டுக்கே வரும். அதை மேசை லாச்சிக்குள் வைக்காதீர்கள். 2017 முதல் 6ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி போடப்படுகிறது. உங்கள் மகளுக்கும் மருமகளுக்கும் போட்டாயிற்றா என்று கேளுங்கள்.

நாங்களும் பிந்தித்தான் போனோம். முடிவு நல்லதாக வந்தது. அன்றிரவு, பல வருடங்களுக்குப் பின், எங்களுக்காகவும் ஜெபித்தோம், கூச்சமாக இருந்தது. இந்த விழா முடிந்து வீடு போனதும் பிள்ளைகளுக்கு, கணவருக்கு, வயதான அம்மா அப்பாவுக்கு ஜெபிப்பீர்கள். அந்த வரிசையில் உங்கள் பெயரையும் ஒருமுறை சொல்லுங்கள். நாளைக் காலையில் கிளினிக்குக்கு ஒரு திகதி எடுங்கள்.