மனம் சோர்ந்தால் யாரை நாடுவது?



காய்ச்சல் கண்டால் மருந்தகம் செல்கிறோம். பால் வெட்டும் கத்தி கையில் பட்டால் உடனே கட்டுப் போடுகிறோம். ஆனால் மனத்துக்கு நோய் வந்தால் மட்டும் அண்டை வீட்டாருக்குத் தெரியாமல் மறைத்து வைக்கிறோம். மறைத்து வைத்த நோய் முற்றுமேயன்றித் தீராது.

2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, நம் நாட்டில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. 2019-இல் நூற்றுக்கு 2.3 பேராக இருந்தது, 2023-இல் 4.6 பேராக உயர்ந்தது. நூறு பேர் பெரட்டுக்கு நின்றால், அவர்களுள் நால்வரோ ஐவரோ இத்துன்பத்தைச் சுமக்கின்றனர் என்பது இதன் பொருள்.

இதனை எவ்வாறு அறிவது? இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கம் இல்லை. உணவில் விருப்பம் இல்லை. முன்பு மகிழ்ச்சி தந்தவை இப்போது கசக்கின்றன. 'நான் இருந்து என்ன பயன்?' என்ற எண்ணம் எழுகிறது. இவை சோம்பலின் அறிகுறிகள் அல்ல, நோயின் அறிகுறிகள். குடித்தால் மறந்துவிடலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். மது தூக்கத்தையும் கெடுத்துச் சோர்வையும் பெருக்கும்.

முதலில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லுங்கள். அடுத்து, அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட் மட்டுமே. 'தலைவலி' என்று மட்டும் சொல்லித் திரும்பிவிடாதீர்கள். எத்தனை நாளாகத் தூக்கமில்லை, என்ன எண்ணங்கள் வருகின்றன என்பவற்றை உள்ளபடி கூறுங்கள். தேவையானால் மருத்துவர் மனநல நிபுணரிடம் அனுப்பிவைப்பார். மனச்சோர்வுக்கான மருந்து பயன்தரச் சில வாரங்கள் ஆகும். இடையில் தாமாக நிறுத்தக்கூடாது. கோயிலில் நேர்த்திக்கடன் வைப்பதைத் தவறென்று யாரும் கூறவில்லை. மருத்துவரையும் பாருங்கள் என்பதே வேண்டுகோள்.

'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களோ?' என்று சிலர் அஞ்சுகின்றனர். 1911-இல் தொடங்கிய அம்மருத்துவமனையின் பெயரைச் சொல்லிக் கேலி செய்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மனச்சோர்வுற்றோரில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெற்றுக் குணமடைகின்றனர்.

மற்றோர் அச்சம் காவல்துறையைப் பற்றியது. முன்பு தற்கொலை முயற்சி குற்றமாகக் கருதப்பட்டது. அதற்கான தண்டனைச் சட்டம் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, ஆபத்தில் இருப்பவரைச் சட்டத்துக்கு அஞ்சி வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அல்லது 999 எண்ணை அழையுங்கள்.

தோட்டத்தில் மற்றொரு கவனமும் தேவை. பாராகுவாட் களைக்கொல்லி 2020 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. எனினும் பிற களைக்கொல்லிகளும் பூச்சிக்கொல்லிகளும் உயிரைப் பறிக்க வல்லவை. அவற்றை வீட்டில் வைக்காதீர்கள். ஸ்டோரில் பூட்டி வையுங்கள். துயரம் மிகுந்த அந்தச் சில மணி நேரத்தில் நஞ்சு கைக்கு எட்டாதிருந்தால் ஓர் உயிர் தப்பலாம்.

குடும்பத்தாரே, சோர்ந்திருப்பவரைப் 'பைத்தியம்' என்று ஏசாதீர்கள். 'சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?' என்று பரிவுடன் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. மாறாக, அடக்கி வைத்ததைச் சொல்ல வழி பிறக்கும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள்.

நள்ளிரவில் பேச ஆளில்லையெனில், 1970-இல் கோலாலம்பூரில் தோன்றிய பிஃபிரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய ஆலோசனை எண் 15555 ஆகும். தமிழில் பேசுவோர் உண்டா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

இவ்வெண்களை இன்றே வீட்டு நாட்காட்டியில் எழுதி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிடினும், அடுத்த வீட்டாருக்குத் தேவைப்படலாம்.