பறவைகளை எண்ணிப் பொருள் திரட்டுவோர்



பொதுக் காரியம் ஒன்றிற்குப் பணம் சேர்ப்பதென்றால் நம்மவர் கைக்கொள்ளும் வழிகள் யாவரும் அறிந்தவையே. கலை நிகழ்ச்சி நடத்துவோம். அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்போம். மாணவர் கையிலே நன்கொடைப் பத்திரத்தைக் கொடுத்து ஊரெங்கும் அனுப்புவோம். பாடசாலை அதிபர் என்ற முறையில் இம்மூன்றிலும் எனக்குப் பழக்கம் உண்டு. மூன்றாவதில் விருப்பம் மிகக் குறைவு. இன்று நான் எடுத்துரைக்க விரும்புவது இவற்றினின்றும் வேறுபட்டதொரு முறை.

நாலைந்து பேர் ஒரு குழுவாகச் சேர்கின்றனர். ஒரு நாளிலே எத்தனை இனப் பறவைகளைத் தம்மாற் காண முடியும் என்று முயல்கின்றனர். அவர்கள் காணும் ஒவ்வோர் இனத்திற்கும் இவ்வளவு காசு தருவேன் என்று அயலவரும் நண்பரும் முன்கூட்டியே வாக்களிக்கின்றனர். சேரும் பணம் பறவைகளின் பாதுகாப்பிற்குச் செல்கின்றது. இனமொன்றிற்கு 25 சதம் தருவதாக ஒரு கடைக்காரர் ஒப்புக்கொண்டார் என வைத்துக்கொள்வோம். குழுவினர் 160 இனங்களைக் கண்டால் அவர் 40 டொலர் கொடுக்கவேண்டும். 200 கண்டால் 50 டொலர். அத்தகையவர் நூறு பேர் இருப்பின் 5,000 டொலர் சேர்ந்துவிடும். கொடுப்பவருக்குத் தாம் கொடுக்கப்போகும் தொகை முன்னரே தெரியாது என்பதே இம்முறையின் சுவை. பணத்தைக் கொடுத்துவிட்டு மறந்துபோகும் நன்கொடையாளர், இங்கே முடிவை அறியக் காத்திருக்கும் பங்காளி ஆகிவிடுகின்றார்.

பறவைகளை வைத்துக் குழுக்கள் போட்டியிடும் வழக்கம் அமெரிக்காவிலே பழையது. ஆனால் அக்காலத்துப் போட்டி வேறு. நத்தார்த் தினத்தன்று ஆடவர் இரு கட்சிகளாகப் பிரிந்து, துப்பாக்கியுடன் புறப்பட்டு, கண்ணிற் பட்டவற்றையெல்லாம் சுடுவர். எக்கட்சியின் குவியல் பெரிதோ அக்கட்சிக்கே வெற்றி. 1900ஆம் ஆண்டிலே பிராங் சப்மன் என்னும் பறவையியல் அறிஞர், கொல்வதை விடுத்து எண்ணுவோம் என்று அழைப்பு விடுத்தார். அவ்வாண்டு நத்தார் நாளில் 27 பேர் 25 இடங்களில் நின்று பறவைகளை எண்ணினர். போட்டி மனப்பான்மையை அவர் பழிக்கவில்லை; அதனை வேறொரு வாய்க்காலில் திருப்பிவிட்டார். இச்செயலை நான் மிகவும் மதிக்கின்றேன். மாணவரிடம் விளையாட்டு வெறியைக் குறைக்க முயன்று களைத்துப்போன ஆசிரியர் எவரும் இதன் அருமையை உணர்வர்.

எண்ணுதலோடு பணம் திரட்டுதலையும் இணைத்தோருள் கனடா தேசத்தார் முன்னோடிகள். ஈரி ஏரிக்கரையிலுள்ள லோங் பொயின்ற் பறவை ஆய்வு நிலையத்தினர் 1976ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். ஜேம்ஸ் பெய்லி என்னும் அறிஞரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மே மாதத்தில் விரும்பிய 24 மணி நேரத்தை விரும்பிய இடத்திற் கழிக்கலாம். வீட்டுத் தோட்டத்தில் இருந்தபடியே எண்ணினும் குற்றமில்லை. திரளும் நிதியில் ஒரு பகுதி சிறிய ஆய்வு முயற்சிகளுக்கு உதவிப் பணமாக வழங்கப்படுகின்றது.

1984ஆம் ஆண்டிலே நியூ ஜேர்சி மாநிலத்தில் தொடங்கிய போட்டியே மிகுந்த புகழ் பெற்றது. அம்மாநிலத்து ஓடுபன் சங்கத்தைச் சேர்ந்த பீற் டன் இதற்கு வித்திட்டார். மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நள்ளிரவு தொடங்கி மறு நள்ளிரவு வரை போட்டி நடைபெறும். இரவிலே சதுப்பு நிலத்தின் ஓரம் நின்று கானாங்கோழியின் குரலுக்கும் ஆந்தையின் குரலுக்கும் செவி சாய்ப்பர். விடியற்காலையில் வடக்கே மலைக்காடுகளிற் பாடும் சிறு பறவைகளைத் தேடுவர். பின்னர் தெற்கு நோக்கி விரைந்து, உப்பங்கழிகளையும் கடற்கரையையும் துருவி, மாநிலத்தின் தென்முனையாகிய கேப் மேயை அடைவர். பயணத்தைத் திட்டமிடுவதற்கே பல நாட்கள் செல்லும். முதலாம் ஆண்டில் வென்ற குழு 201 இனங்களைக் கண்டது. அக்குழுவில் 75 வயதான ரொஜர் ரோறி பீற்றர்சனும் ஒருவர். பறவையைச் சுட்டு வீழ்த்தாமலே தூரத்தில் நின்று அடையாளம் காணும் வழியை 1934இல் வெளிவந்த தம் கைந்நூலாற் பொதுமக்களுக்குக் கற்பித்தவர் அவரே.

இப்போட்டிக்கு ஒவ்வோரிடத்திலும் நடுவர் நிற்பதில்லை. பட்டியலிலுள்ள இனங்களில் நூற்றுக்கு 95 வீதத்தைக் குழுவினர் அனைவரும் கண்டோ கேட்டோ இருத்தல் வேண்டும்; எஞ்சியவற்றை இருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும். ஒருவர் மட்டும் கண்டது கணக்கிற் சேராது. ஆகவே மற்றவர் வந்து சேரும்வரை அப்பறவை கிளையில் இருக்கவேண்டுமே என்று ஏங்குவதும், அது பறந்துபோனபின் வாய் திறவாது அடுத்த இடத்திற்குப் புறப்படுவதும் இவ்விளையாட்டின் பகுதிகள். சிறுவர் குழுக்களும் தனிப் பிரிவுகளிற் பங்குபற்றுகின்றன. தான் கண்டதை நண்பன் காணவில்லை என்ற காரணத்தால் அழித்துவிடப் பழகும் சிறுவனுக்கு, நேர்மையைப் பற்றிய என் காலைக்கூட்டப் பேச்சுக்கள் தேவைப்படா.

ஒரு நாளில் இருநூறு பறவைகளைக் காண்பதற்கு மோட்டார் வண்டியில் எரிபொருளைச் செலவிட்டு ஓடுவது பறவைகளுக்குச் செய்யும் தொண்டாகுமா என்று கேட்போர் உளர். இக்கேள்வி நியாயமானதே. விரைந்து எண்ணுபவர் நின்று நோக்குவதில்லை என்பதும் மெய். ஆயினும் பணம் சென்று சேரும் இடத்தைப் பார்த்தே இதற்கு விடை கூறவேண்டும்.

போட்டி நடைபெறும் அதே மே மாதத்தில், கேப் மேய்க்கு அருகிலுள்ள டெலவெயர் விரிகுடாவிற்குச் செம்மார்பு கொண்ட உள்ளான் வகையொன்று வந்து இறங்குகின்றது. ரெட் நொட் என்பது அதன் ஆங்கிலப் பெயர். அவற்றுட் பல தென்னமெரிக்காவின் தென்கோடியிலிருந்து வட துருவப் பகுதிக்குச் செல்பவை. குதிரைலாட நண்டுகள் கரையில் இடும் முட்டைகளை உண்டு, இரண்டொரு வாரத்தில் தம் உடல் நிறையை ஏறத்தாழ இரு மடங்காக்கிக் கொண்டே அவை மேலே பறக்கும். மீன்பிடிக்கு இரையாக அந்நண்டுகளைப் பெருந்தொகையாக அள்ளியபோது பறவைகளும் குறைந்தன. 1980களின் முற்பகுதியில் 90,000 அளவில் எண்ணப்பட்டவை, 2000களின் நடுப்பகுதியில் 20,000க்கும் கீழே இறங்கின. 2008இல் நியூ ஜேர்சி மாநிலம் நண்டு பிடிப்பதைத் தடைசெய்தது. ஆண்டுதோறும் எண்ணியவர் இல்லாவிடின் இக்குறைவை எவர் நிறுவியிருப்பர்? எண்ணுவோருக்குப் படகு வேண்டும், கருவி வேண்டும், ஊதியமும் வேண்டும். கேப் மேயிற் கூடும் குழுக்கள் தத்தமக்கு விருப்பமான காப்பு முயற்சிகளுக்காகத் திரட்டிய பணம், ஆண்டுகள் பலவற்றில் பல மில்லியன் டொலர் ஆகியுள்ளது.

கிழக்கே ஹொங்கொங்கிலும் அதே 1984ஆம் ஆண்டு தொடக்கம் உலக வனசீவிகள் நிதியத்தார் இத்தகைய போட்டியை நடத்தி, மாய் போ என்னும் ஈரநிலத்தின் பராமரிப்பிற்கு நிதி சேர்த்து வந்துள்ளனர். அங்கே பழைய இறால் வளர்ப்புக் குளங்கள் உள்ளன. மாரிகாலத்தில் அவற்றை ஒவ்வொன்றாக வடிப்பர். அடியில் எஞ்சும் சிறு மீன்களை உண்ணக் கொக்குகளும் கருமுகக் கரண்டிவாயன்களும் கூடும். மதகைச் செப்பனிடவேண்டும், சேற்றை அகற்றவேண்டும், நாணலை வெட்டவேண்டும். இவையெல்லாம் ஆண்டுதோறும் வரும் செலவுகள். புதிய கட்டடத்திற்குப் பணம் கொடுக்க எவரும் முன்வருவர். சேறு அள்ளப் பணம் கேட்டுப் பாருங்கள்! 1980களின் இறுதியில் உலகெங்கும் 300 அளவிலேயே எண்ணப்பட்ட கருமுகக் கரண்டிவாயன், 2022இல் 6,000ஐக் கடந்தது. கொரியாவிலும் தாய்வானிலும் உழைத்தவர்களுக்கும் இதிற் பெரும்பங்கு உண்டு. மாய் போவில் மதகைத் திறந்து மூடியவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

நம் நாட்டிலும் மாரிகாலத்திலே மன்னார்ப் பகுதியின் வங்காலையிலும் தெற்கே பூந்தலையிலும் வடபுலத்துப் பறவைகள் வந்து தங்குகின்றன. நம் பாடசாலைகளில் எவையேனும் இம்முறையை மேற்கொள்ள விரும்பின், நியூ ஜேர்சியின் ஓட்டத்தை விடக் கனடாவின் முறையே பொருந்தும் என்பது என் கருத்து. ஐந்து மாணவர், ஓர் ஆசிரியர், ஊர்க்குளம், ஒரே ஒரு தொலைநோக்கி என்பன போதும். வாக்களித்தவர் பெயரையும் தொகையையும் ஒரு கொப்பியிற் குறித்துக்கொள்க. பறவையின் கூட்டை அணுகுதல் ஆகாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்க. போட்டி முடிந்த வாரத்திலேயே, கண்ட பறவைகளின் முழுப் பட்டியலையும், திரண்ட பணம் எங்கே கொடுக்கப்பட்டது என்பதையும் எழுதி, இனத்திற்குப் பத்து ரூபா தந்தவருக்கும் நூறு ரூபா தந்தவருக்கும் ஒரே விதமான கடிதத்தை அனுப்புக.