போட்டிப் படைகளின் நடுவே ஒரு மக்கள்

கொலம்பியாவின் வடகிழக்கில், வெனிசுவேலா எல்லையை ஒட்டிக் கிடக்கும் மலைப்பகுதி கட்டாடும்போ. கொக்கெய்ன் என்னும் போதைப்பொருளுக்கு மூலப்பொருளான கோக்கா இலை மிகுதியாக விளையும் நிலமாகவும் எல்லை கடந்த கடத்தலுக்கு வாயிலாகவும் அது அமைந்திருப்பதால், ஆயுதக் குழுக்கள் அதனைக் கைக்கொள்ள நெடுங்காலமாகப் போட்டியிடுகின்றன.

அவற்றுள் ஒன்று 1964இல் தோன்றிய தேசிய விடுதலைப் படை. அதே ஆண்டில் தோன்றிய, ஃபார்க் எனப்படும் கொலம்பியப் புரட்சிகர ஆயுதப் படை, 2016இல் அரசுடன் அமைதி உடன்பாடு கண்டு பின்னர் ஆயுதங்களை ஒப்படைத்தது. ஆயினும் உடன்பாட்டை ஏற்காதவர்களும், ஏற்றபின் விலகியவர்களும் தனித்தனி அணிகளாகத் திரண்டனர். ஃபார்க் விட்டுச்சென்ற ஊர்களில் அரசின் நீதிமன்றமும் சாலையும் பள்ளியும் உரிய காலத்தில் வந்து சேராமையால், அந்த வெற்றிடத்தை இக்குழுக்களே நிரப்பின.

கட்டாடும்போவில் தேசிய விடுதலைப் படையும், ஃபார்க்கிலிருந்து பிரிந்தவர்களின் 33ஆவது முன்னணியும் சில ஆண்டுகள் ஒன்றையொன்று பொறுத்து இயங்கின. 2025 ஜனவரியில் அந்த இணக்கம் முறிந்தபோது, சில வாரங்களுக்குள் 50,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்து கூக்குத்தா முதலிய நகரங்களுக்கும் எல்லைக்கு அப்பாலும் ஓடினர். கொல்லப்பட்டவர்களுள் சமூகத் தலைவர்களும், ஆயுதத்தைக் கைவிட்டு அமைதி வாழ்வுக்குத் திரும்பிய முன்னாள் போராளிகளும் இருந்தனர்.

போட்டிக் குழுக்களின் போர் குடிமக்களை இவ்வளவு கொடுமையாகத் தாக்குவதற்குக் காரணம், அங்கே நடுநிலைக்கு இடமே இல்லாமற் போவதுதான். நேற்றுவரை ஒரு குழுவின் ஆட்சியில் வாழ்ந்து, அது கேட்ட வரியைக் கட்டி, அதன் ஆட்களுக்குச் சோறளித்த உழவர், இன்று மற்றக் குழுவின் கண்ணில் எதிரியின் கையாள் ஆகிவிடுகிறார். ஊரைவிட்டு ஓடமுடிந்தவர்கள் இடம்பெயர்ந்தோர் எனக் கணக்கில் ஏறுகின்றனர். கண்ணிவெடிகளுக்கும் மிரட்டலுக்கும் அஞ்சி, வயலுக்கோ மருத்துவமனைக்கோ போகமுடியாமல் முடங்கியவர்களின் துன்பம் வெளியே தெரிவதில்லை. இந்நிலையை மனிதநேய அமைப்புகள் ‘அடைபடுதல்’ என்னும் பொருள்படக் குறிக்கின்றன.

1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளுக்குப் பொதுவான மூன்றாம் பிரிவு, போரில் பங்கேற்காதோரைக் கொல்வதையும் பிணையாகப் பிடிப்பதையும் அரசுகளுக்கு மட்டுமன்றி அரசல்லாத படைகளுக்கும் தடைசெய்கிறது. ஆனால் சட்டத்தை நிலைநாட்டும் அரசு, போர் வெடித்தபின் படையோடு மட்டும் வந்து சேருமானால், அந்தத் தடை ஏட்டளவிலேயே நின்றுவிடும். கோக்காவுக்கு மாற்றான பயிரும், அதனைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் சாலையும், வழக்கைத் தீர்க்கும் நீதிமன்றமும் அமைதிக் காலத்திலேயே கிராமத்தை அடையவேண்டும். ஆயுதம் ஏந்தியவரை அண்டாமல் வாழும் வழி உழவருக்குக் கிடைத்தாலன்றி, எந்த உடன்பாடும் அவரைக் காக்காது.